இடது பக்கம் திரும்பிப் பாடினவன்

செல்வி, பாபு, நான் இருக்கிற இந்த லண்டனில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் சுவர் பாடும். நைனா கதை விடுகிறார் என்று நினைக்காதீங்க. நான் வேலை செய்கிற இட்லி தோசை ஓட்டலை ஒட்டினாற்போல ஒரு பப் இருக்கிறது. பப் என்றால் நம்ம ஊரில் ஏரிக்கரைப் பக்கம் மறைவாகப் போய்விட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரி இடம் இல்லை. குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். கிழவிகள்கூட கையில் கிளாசை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். அந்தப் பப்புக்கும் எங்கள் சமையற்கட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சாயங்காலம்தான் வியாபாரம் என்பதால், மத்தியானத்தில் நான் ஒருத்தனாக உட்கார்ந்து மாவு அரைப்பேன். கிரைண்டரை நிறுத்தினதும் காது அடைத்தாற்போல இருக்கும். அது தெளிகிற நேரத்தில் சுவருக்குள்ளேயிருந்து ஒரு ஆம்பளைக் குரல் பாடும். முதலில் எனக்கு ராகம் மட்டும்தான் கேட்டது. இங்கிலீஷ் காதில் படியப் படிய, ஒருநாள் வார்த்தையும் கேட்டது. 'அவன் என்னை விட்டுப் போனான், மழை விட்டதும் வருவேன்னு சொன்னான்' என்கிற மாதிரி ஒரு பாட்டு. பாடுகிறது ஆம்பளை, நல்ல தடித்த குரல். பாட்டுக்குள்ளே இருக்கிறதும் ஆம்பளை. உளுந்து அலசிக்கொண்டிருந்த என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேசி அனுப்பின கேசட் வந்தது. போட்டுப் போட்டுக் கேட்டேன். ஆடு குட்டி போட்டதும், பஞ்சாயத்து ஆபீசில் டிவி வைத்ததும், செல்வி கணக்கில் நல்ல மார்க் வாங்கினதும் எல்லாம் சந்தோஷம். அதிலே பாபு, நீ ஒரு இடத்தில் குரலை இழுத்து, குழைத்து, 'மணி எப்டி கீறான், நல்லா கீறானா' என்று யார் மாதிரியோ பேசிக் காட்டினாய். செல்வி சிரித்தாள். பக்கத்தில் உங்கம்மா 'த்சு' கொட்டினது எனக்குக் கேட்டது. அப்புறம் நீயே சொன்னாய், பம்பாயிலிருந்து சேகர் என்று ஒருத்தர் ஊருக்குத் திரும்பி வந்திருக்கார், தெருவில் நின்று நைனாவைப் பற்றி விசாரித்தார், தெருப் பசங்கள் பின்னாலேயே போய்க் கிண்டல் பண்ணுகிறார்கள், பெரியப்பா அவரை வாசற்படி ஏற விடக்கூடாது என்று சொல்லியிருக்கார், நைனா என்ன சொல்றீங்க என்று. நான் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேசட்டில் பேசிப் பார்த்தேன், பாதியிலேயே அழித்துவிட்டேன். எழுத்து என்றால் நிறுத்தி நிறுத்திப் போகலாம். நான் ஒன்பதாவதோடு நின்றவன், தப்பு இருந்தால் செல்வி திருத்திப் படிக்கட்டும்.

பப்புக்குள் நான் முதலில் போனது பாட்டுக்காக இல்லை. ஒரு ஞாயிறு, பாட்டு நடுவிலே மைக் 'கூ' என்று ஊளையிட ஆரம்பித்துவிட்டது. நிற்கவே இல்லை. நம்ம ஊரில் மைக்செட் வைத்துப் பிழைத்தவன் நான். அந்தச் சத்தம் கேட்டால் பெற்ற பிள்ளை அழுகிற மாதிரி, இருந்த இடத்தில் இருக்க முடியாது. ஏப்ரனோடு பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்த்தாற்போல வைத்திருந்தார்கள். அப்படி நேருக்கு நேர் பார்த்தால் கூவத்தான் செய்யும். ஸ்பீக்கரைச் சற்றுத் திருப்பி வைத்தேன், அடங்கிவிட்டது. பாடினவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேர் டெரிக், என் பேரையும் கேட்டுக்கொண்டார். பஸ் கண்டக்டர். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும், சட்டையை இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். முன் மேசையில் உட்கார்ந்திருந்த ஒல்லியான ஒருத்தரைக் காட்டி, "இவர் கென். நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம், ரொம்ப வருஷமா" என்றார். நான் உடனே, அண்ணன் தம்பி இந்தக் காலத்தில் ஒற்றுமையாக இருக்கிறது பெரிய விஷயம், எங்கள் ஊரில் அப்பன் செத்த பதினாறாம் நாளே பாகம் பிரித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மனசாரப் பாராட்டினேன். கென்னுக்குக் குடித்தது புரை ஏறிவிட்டது. டெரிக் மட்டும் சிரிக்காமல், "தம்பி இல்லை மணி. புருஷன் பெண்டாட்டி மாதிரின்னு வெச்சுக்கோ" என்றார். அந்தப் பப்பில் இருந்த கிழவிகளுக்கு எல்லாம் அது தெரிந்த சங்கதி. எனக்குத்தான் காது சிவந்து போனது. மாவு வழிந்துவிடும் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். மைக் வைத்துக் கொடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். இந்த நாட்டுக்கு வந்து என் கைக்குத் தெரிந்த வேலை கிடைத்தது அங்கேதான். டெரிக் பாடுகிறது எல்லாம் பொம்பளைகள் பாடிப் பேர் வாங்கின காதல் பாட்டுகள். வேறு ஆம்பளைகள் அதை எடுத்துப் பாடினால் 'அவன்' என்கிற இடத்தில் 'அவள்' என்று போட்டுக்கொள்வார்களாம், இங்கே அது வழக்கம். டெரிக் போட மாட்டார். கிழவிகளுக்கு அந்தப் பாட்டுகள் எல்லாம் பிடிக்கும். சில பேர் முகத்தைச் சுளிப்பதும் நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழைத் திருகிக்கொண்டிருக்கும்போது எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். உத்திரமேரூரில் ரைஸ் மில்லில் எடை போட்டுக்கொண்டிருந்தான் சேகர். நான் அப்போதுதான் மைக்செட் வாங்கியிருந்தேன். ஆர்மோனியம் வாசிக்கிற கன்னியப்பன் ஒரு இன்னிசைக் குழு சேர்த்தார். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று பாடப் போவோம். ராத்திரி நிகழ்ச்சிக்குப் பட்டிக்காட்டுக்கு வந்து பாட எந்தப் பெண்ணும் கிடைக்க மாட்டாள். வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அதனால் லேடீஸ் வாய்ஸ் சேகர்தான். ஜோடிப் பாட்டு என்றால் ஜென்ட்ஸ் வாய்சும் அவனே. ஆம்பளை வரிக்கு ஜனங்களை நேராகப் பார்த்துத் தன் குரலில் பாடுவான். பொம்பளை வரி வந்ததும் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொள்வான். திரும்பினதும் வேறு குரல் வரும். இழுப்பும் குழைவும் வெட்கமும் எல்லாம் அதிலே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் மேடையில் ரெண்டு பேர்.

தாமல் ஏரிக்கரை அம்மன் திருவிழாவில், மேடைக்குப் பின்னால் பொண்ணை ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நாலைந்து பெரிசுகள் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். "பொண்ணு எங்கடா கீது? காட்டிட்டுப் பாடுங்கடா" என்று ஒருவர் மல்லுக்கு நின்றார். ஓரிக்கையில் ஒரு அம்மா, பாடின பொண்ணு தலையில் வைத்துக்கொள்ளட்டும் என்று மல்லிகைச் சரம் கொண்டு வந்து, மீசையோடு நின்ற சேகரைப் பார்த்துத் திகைத்துப்போய், பிறகு சிரித்துக்கொண்டே அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். அவன் அதை மைக் ஸ்டாண்டில் சுற்றிவைத்துப் பாடினான். "இன்னாடா இது, மைக்குக்கு சீமந்தமா" என்று கேட்டேன். "உன் மைக்குதானே, நீ பூ வாங்கிக் குடுத்ததே இல்ல, நானாவது வெக்கறேன்" என்றான். எல்லாரும் சிரித்தோம். பாட்டு முடிகிற ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் கை தட்டும்போது அவன் அவர்களைப் பார்க்க மாட்டான். என்னைப் பார்த்து, "சரியா கீதாடா மணி?" என்று உதட்டை மட்டும் அசைப்பான். நான் கட்டை விரலைக் காட்டுவேன்.

கன்னியப்பன் சொந்தமாகக் கட்டின ஒரு பாட்டு இருந்தது. பாலாற்றில் கோடையில் மணலைத் தோண்டித் தண்ணீர் எடுப்பார்களே, அதை வைத்துக் கட்டினது. ஆம்பளை வரி,

'மணலத் தோண்டினா ஊத்து வரும், என்
மனசத் தோண்டினா அவ வருவா'

என்று வரும். பொம்பளை அதையே,

'மணலத் தோண்டினா ஊத்து வரும், என்
மனசத் தோண்டினா அவன் வருவான்'

என்று திருப்பிப் பாட வேண்டும். எங்கே போனாலும் இதை மறுபடி பாடச் சொல்லிக் கேட்பார்கள். சேகர் 'அவ வருவா' என்பதை நேராகப் பார்த்துப் பாடுவான், அது சுமாராக இருக்கும். 'அவன் வருவான்' என்று இடது பக்கம் திரும்புவான். அந்தக் கூட்டத்தில் இருக்கிற பொம்பளைகள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனது. உங்கம்மா பழையசீவரத்துப் பெண் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலம் நம்ம வீட்டு வாசலில் பந்தல் போட்டு வரவேற்பு வைத்தார்கள். எங்கள் குழுதான் பாட்டு. நான் மாலையோடு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் உங்கம்மா. ஆம்ப்ளிஃபயரில் எனக்குப் பதிலாகக் கூட வேலை செய்த கோவிந்தன் உட்கார்ந்தான். எல்லாரும் அந்தப் பாட்டையே கேட்டார்கள். சேகர் 'அவ வருவா' பாடினான். அடுத்த வரிக்கு இடது பக்கம் திரும்பினான். அங்கே கோவிந்தன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். சேகர் ஒரு நொடி நின்று, திரும்பி, எங்களைப் பார்த்தான். பார்த்து 'அவன் வருவான்' என்று பாடினான். அன்றைக்கு லேடீஸ் வாய்ஸ் வரவில்லை. மில்லில் என்னோடு டீ குடிக்கும்போது பேசுவானே, அந்தச் சொந்தக் குரலில் பாடினான்.

அதே வார்த்தைதான், பிள்ளைகளே. அதுவரைக்கும் ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கின அதே வரிதான். பந்தலில் யாரோ ஒருத்தன் பின்னாலிருந்து, "இன்னாடா, மாப்ளைக்கு ரெண்டு பொண்ணா" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. உங்கம்மாவின் தாய்மாமன் எழுந்து நின்று, மைக்கை ஆஃப் பண்ணுடா என்று கோவிந்தனை அதட்டினார். அவன் பயந்துபோய் அணைத்துவிட்டான். சேகர் மைக் இல்லாமலே இன்னும் ஒரு வரி பாடினான். அது முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

பாட்டு மாறிப்போச்சு, பையன் மில்லு வேலை முடித்து அலுத்து வந்திருக்கான், குரல் மாற்ற மறந்துட்டான் என்று நானே எல்லாரிடமும் சொல்லிச் சமாளித்தேன். நான் அப்படித்தான் நம்பினேன். சேகர் மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தான். கவலைப்படாதே, தப்பிப் பாடிட்டேன்னு சொல்லிட்டேன், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க என்று அவன் தோளைத் தட்டினேன். அவன் என் மாலையில் பிரிந்திருந்த சரிகை நூலை எடுத்துச் செருகிவிட்டு,

"நான் தப்பாப் பாடலடா மணி" என்றான்.

பாட்டுக்காரனுக்கு ரோஷம் ஜாஸ்தி, தன் பாட்டில் தப்பு என்று சொன்னால் பொறுக்க மாட்டான் என்று எடுத்துக்கொண்டேன். அவன் இலையில் உட்காரவில்லை. மறுநாள் முகூர்த்தத்துக்கும் வரவில்லை. மில்லிலும் தெருவிலும் அந்த வரியைச் சொல்லியே கேலி பண்ணி இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். குழு கலைந்தது. ஊரில் மைக்செட்டுகள் பெருகின, என் தொழில் படுத்தது, ஒரு புண்ணியவான் மூலமாக இந்த ஓட்டலுக்கு வந்து சேர்ந்தேன். நடுவில் ஒரு தடவை, செல்வி, நீ கைக்குழந்தை, உங்கம்மா வேர்க்கடலை உடைத்துக்கொண்டே சம்பந்தமில்லாமல், "உங்க சிநேகிதரு அன்னிக்கி நல்லாத்தான் பாடினாரு" என்றாள். எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். கடலையை ஊதிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். இப்போது தெரிகிறது, அந்தப் பந்தலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அவளுக்கு விளங்கினது, நிமிர்ந்து உட்கார்ந்திருந்த எனக்கு விளங்கவில்லை.

இங்கே பப்புக்குப் புது மேனேஜர் வந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன், வியாபாரம் பார்க்கிறவர். ஞாயிறு மத்தியானம் பிள்ளைகுட்டிகளோடு சாப்பிட வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் குறை சொல்கிறார்கள், குரல் நன்றாக இருக்கிறது, பாட்டும் நன்றாக இருக்கிறது, அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிப் பாடினால் போதும், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று டெரிக்கிடம் சொல்லிவிட்டார். டெரிக் அதை என்னிடம் சொன்னபோது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. வாரம் முழுக்க டிக்கெட் கிழித்துவிட்டு அந்த ஒரு மத்தியானத்துக்காக இஸ்திரி போடுகிறவர். கென் அங்கே உட்கார்ந்து கேட்கிறதற்காகவே பாடுகிறவர். இன்னொரு இடம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது என்று கென் சொன்னார். நல்ல எண்ணத்தோடு நான் புத்தி சொன்னேன். ஒரு சின்ன வார்த்தைதானே, மாற்றிவிடுங்கள், உங்கள் மனசுக்குத் தெரிந்தால் போதாதா என்றேன். எங்கள் ஊர்ச் சங்கதியையும் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு ஆம்பளை பொம்பளையாக 'அவன் வருவான்' என்று பாடுவான், யாரும் குறை சொன்னதில்லை, கிழவிகள் பூ கொண்டுவந்து கொடுப்பார்கள், இந்த விஷயத்தில் எங்கள் ஊர் உங்கள் ஊரைவிடப் பெரிய மனசுள்ள ஊர் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

டெரிக் கவனமாகக் கேட்டார். பிறகு, அவன் சொந்தக் குரலில் பாடினானா, பொம்பளைக் குரலில் பாடினானா என்று கேட்டார். பொம்பளைக் குரலில்தான் என்றேன். சொந்தக் குரலில் பாடியிருந்தால் பூ கொடுத்திருப்பார்களா என்று கேட்டார். பந்தலில் விழுந்த அந்தச் சிரிப்புதான் காதில் வந்தது. டெரிக் என் முழங்கையைத் தொட்டு, தான் கோபமாக இல்லை என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"நான் ஒண்ணும் தப்பாப் பாடலை மணி, திருத்தறதுக்கு."

எனக்கு அந்த இடத்தில் மேலே இருந்த விளக்கு, மேசை, கிளாஸ் எல்லாம் தள்ளிப் போய்விட்டன. இங்கிலீஷில் சொன்னதுதான், ஆனால் சேகர் குரலில் கேட்டது. ஆம்ப்ளிஃபயர் மேடைக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். தாமலில் எந்தப் பக்கம், ஓரிக்கையில் எந்தப் பக்கம். எந்த ஊரிலும் நான் இடது பக்கம்தான் மேசை போடுவேன், அது என் பழக்கம். இடது பக்கம் திரும்பிப் பாடுகிறது அவன் பாணி என்று ஊர் சொன்னது, நானும் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்தது நான். எங்களைப் பார்த்தான் என்று மேலே எழுதினேனே, என்னைப் பார்த்தான் என்று திருத்திக்கொள் செல்வி. அவனுக்கு என் மேல் ஆசை இருந்திருக்கிறது. கென் மேல் டெரிக்குக்கு இருக்கிற மாதிரி. அதைத் தன் குரலில் சொல்ல வழியில்லாமல், ஊர் கைதட்டுகிற குரலில் அத்தனை நாள் சொல்லியிருக்கிறான். கடைசியாக ஒரே ஒரு நாள் தன் குரலில் சொன்னான்.

இதை ஒரு தகப்பன் பிள்ளைகளுக்கு எழுதலாமா என்று பெரியப்பா கேட்பார். உங்கம்மாவை நான் ஆசையோடுதான் கட்டிக்கொண்டேன், அந்த ஆசை இந்தக் குளிர் தேசத்தில் எனக்குச் சட்டை மாதிரி இருக்கிறது, அதிலே ஒரு குறையும் இல்லை. சேகர் மேல் எனக்கு அப்படி இருந்ததா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே நான் தூங்கப் போகும்போது, 'சரியா கீதாடா மணி' என்று ஒருத்தன் உதட்டை அசைத்துக் கேட்க மாட்டானா என்று ஏங்குகிறேன். மாவு சரியாக இருக்கிறதா என்று முதலாளி கேட்கிறார். அது வேறு. என்னைப் பார்த்து ஒரு பாட்டு ஊர் ஊராக வந்திருக்கிறது. அப்போது நான் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கிறேன், பாட்டு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

அந்த ஞாயிறு வந்தது. பப் நிறைந்திருந்தது. டெரிக் நீலச் சட்டை போட்டிருந்தார். கென் வழக்கமான மேசையில். நான் மேடைக்கு இடது பக்கம் ஸ்டூலில். முதல் ரெண்டு பாட்டில் வம்பில்லை. மூன்றாவதாக அந்த மழைப் பாட்டை எடுத்தார். 'அவன் என்னை விட்டுப் போனான்' என்று, ஒரு எழுத்துக் குறையாமல், கென்னைப் பார்த்துப் பாடினார். ஒரு குடும்பம் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டது. கவுண்டரிலிருந்து மேனேஜர் என்னைப் பார்த்து விரலால் குமிழைத் திருகுகிற மாதிரிக் காட்டினார், குறை என்று. என் கை குமிழ் மேல்தான் இருந்தது. மைக்செட்காரனுக்குச் சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் பழக்கம், தெரியுமா. கூட்டு என்றால் கூட்டுவோம், அணை என்றால் அணைப்போம். பந்தலில் கோவிந்தன் அணைத்ததும் அதனால்தான். நான் குமிழ் மேலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேனேஜர் மறுபடி காட்டினார். நான் சமையற்கட்டுச் சுவரைப் பார்த்தேன்.

அவரே வந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். டெரிக் நிறுத்தவில்லை. மைக்கை விட்டுத் தள்ளி நின்று, வெறுங்குரலில் பாடினார். அந்தக் குரல் கடைசி மேசைக்குப் போனதா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு கிழவி கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் இன்னொருத்தி. பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தார். கொஞ்சம் பேர் கை தட்டினார்கள், கொஞ்சம் பேர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கென் எழுந்து டெரிக்கின் கோட்டை எடுத்துப் பிரித்துப் பிடித்தார். டெரிக் போகும்போது என்னிடம், "சத்தம் சரியா இருந்ததா?" என்று கேட்டார். கட்டை விரலைக் காட்டினேன். மேனேஜர் என்னிடம் கத்தவில்லை. வயரை எல்லாம் சுருட்டி வைத்துவிட்டுப் போ, இனிமேல் வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை சுவர் பாடுவதில்லை. நான் சொல்ல வந்தது இதுதான். சேகர் மாமா மறுபடி வாசலில் வந்து நின்றால் உள்ளே கூப்பிட வேண்டும். பெரியப்பாவிடம், இது நைனா சொன்னது என்று சொல்லுங்கள். மீதியை நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன். நாற்காலியில் உட்கார வைத்து, உங்கம்மா கையால் காபி கொடுக்கச் சொல்லுங்கள். அவள் மறுக்க மாட்டாள், அந்த 'த்சு' உன்னைப் பார்த்துக் கொட்டினது பாபு, அவரைப் பார்த்து இல்லை. நீ அவர் குரலைப் பேசிக் காட்டினதில் ஒரு தப்பு இருக்கிறது. அந்த இழுப்பும் குழைவும் அவர் மேடைக்காகச் செய்துகொண்டது. அவர் சொந்தக் குரல் அது இல்லை, நன்றாகத் தடித்த குரல். இத்தனை வருஷம் கழித்தும் எதற்கு அந்தக் குரலிலேயே தெருவில் பேசுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை சொந்தக் குரலில் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறாரோ என்னவோ. நீ அவரிடம், நைனா நல்லா கீறாரு, நீங்க தப்பாப் பாடலன்னு சொல்லச் சொன்னாரு என்று சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். அவர் பாடினால் கேசட்டில் பிடித்து அனுப்புங்கள். பாடாவிட்டால் தொந்தரவு பண்ணாதீங்க.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு பப் காலியாக இருந்தது. மத்தியானத்தில் இங்கே ரெண்டு மூன்று மணி நேரம் கதவைச் சாத்திவிடுவார்கள். நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வயரைச் சுருட்டக் குனிந்தவன், சுருட்டாமல் நிமிர்ந்தேன். இத்தனை வருஷத்தில் மைக் முன்னால் நான் 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்' என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொன்னதில்லை. எனக்குப் பாட வராது. மைக்கில் உயிரும் இல்லை, பிளக் தரையில் கிடந்தது. அதன் முன்னால் போய் நின்றேன். ஜனங்கள் இருக்க வேண்டிய பக்கம் ஒரு தரம் பார்த்தேன். பிறகு இடது பக்கம் திரும்பினேன். அங்கே நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் இருந்தது, அதற்குப் பின்னால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் நான் ஊறப்போட்ட அரிசி. 'மணலத் தோண்டினா ஊத்து வரும், என் மனசத் தோண்டினா அவன் வருவான்' என்று என் குரலிலேயே பாடினேன். சுருதி சேரவில்லை. காலியான ஸ்டூலுக்குக் கட்டை விரலைக் காட்டிவிட்டு, வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.